மிஷினும் முழங்கையும்

தேர்தல் என்றால் மற்றவர்களுக்குக் கொடியும் மைக்கும் ஞாபகம் வரும். உச்சிமாகாளிக்கு மூங்கில்தான் ஞாபகம் வரும். ஓட்டுச்சாவடியில் ஓட்டுக் குத்துகிற மேசையைச் சுற்றி மூன்று பக்கமும் ஒரு மறைப்புத் தட்டி வைப்பார்கள் அல்லவா, அதைக் கட்டுகிறவன் அவன். உயரம் இரண்டரை அடி, பக்கம் இரண்டு அடி. மூங்கில் சட்டத்தில் மூங்கில் பாயை இழுத்து, மூலைக்கு மூலை சணல் போட்டு இறுக்கினால் யானை மோதினாலும் அவிழாது. கரமனையிலிருந்து கோட்டை வரைக்கும் எத்தனை பள்ளிக்கூடத்தில் ஓட்டு நடந்ததோ அத்தனையிலும் அவன் தட்டி நின்றிருக்கிறது. அதற்குள்ளே யார் யாருக்குக் குத்தினார்கள் என்று அவனுக்குத் தெரியாது. தெரியாமல் இருக்கத்தானே தட்டி.

களக்காட்டுப் பக்கத்துக்காரன். ஐம்பத்தெட்டில், இருபத்திரண்டு வயதில், மழை இரண்டு வருஷம் பொய்த்தபோது திருவனந்தபுரத்துக்கு வந்தான். அன்று அவனைக் கூப்பிட்டு வேலையில் சேர்த்துக்கொண்டவர் தாணுமாலையன். சுசீந்திரத்துக்காரர், பந்தல் கான்ட்ராக்டர். கல்யாணம், கோயில் உற்சவம், கட்சி மாநாடு, சர்க்கார் விழா எல்லாவற்றுக்கும் பந்தல் போடுவார். கட்டடங்களுக்குச் சாரமும் கட்டிக் கொடுப்பார். கரமனை ஆற்றங்கரையில் வரிசையாகப் பதினோரு அறை போட்டு ஆட்களைக் குடும்பத்தோடு வைத்திருந்தார். வாடகை கிடையாது. அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ஓட்டு அவர் சொல்கிற சின்னத்துக்குத்தான். கட்சிக்காரர்களிடம் அவர் மார்தட்டிச் சொல்வார்: "நம்ம ஆளு நாப்பத்திரண்டு ஓட்டு. ஒண்ணு கொறஞ்சா எங்கிட்ட கேளும்." அந்த வார்த்தையை வைத்துத்தான் மாநாட்டுப் பந்தலும் சர்க்கார் பந்தலும் அவருக்கு வந்தன. ஓட்டு நாளில் கட்சி ஏஜெண்டாகச் சாவடிக்குள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதும் அவரே. தன் ஆட்கள் ஒவ்வொருவராக உள்ளே வரும்போது லிஸ்டில் பேருக்கு நேரே ஒரு கோடு போடுவார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது. தட்டிக்குள்ளே போனவன் என்ன செய்கிறான் என்று அவர் என்ன கண்டார்?

எழுபத்தேழில் சொரிமுத்து என்றொருவன் சாயாக்கடையில் வாய்விட்டுச் சொன்னான், இந்தத் தடவை மற்றவனுக்குத்தான் குத்துவேன் என்று. பதினைந்தாம் நாள் அவன் சட்டி பானை எல்லாம் ஆற்றங்கரைக் கல் மேல் கிடந்தது. பெண்டாட்டி பிள்ளைகளோடு போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் மச்சினன் வீட்டுக்குப் போனவன், பிறகு இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

உச்சிமாகாளி வாய்விட்டுச் சொல்கிறவன் இல்லை. அறுபத்தொன்பதில் தம்பானூர்ப் பக்கம் ஒரு சாரம் சரிந்து, கூட வேலை பார்த்த லிங்கம் இடுப்பொடிந்து விழுந்தான். முதலாளி வந்து பார்த்துவிட்டு, "குடிச்சிட்டு ஏறினா இப்பிடித்தான்" என்றார். லிங்கம் காப்பிகூடக் குடிக்காதவன். எதிர்க்கட்சிக்காரன் ஒருவன், பீடி சுற்றுகிற ஆள், முன்பின் தெரியாதவன், லிங்கத்தைத் தோளில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், மூன்று நாள் வராந்தாவிலேயே கிடந்தான். அன்றிலிருந்து உச்சிமாகாளி அந்தப் பீடிக்காரனுடைய சின்னத்துக்குத்தான் குத்தி வந்தான். பன்னிரண்டு வருஷம். யாரிடமும் சொன்னதில்லை, பெண்டாட்டி பேச்சியிடம்கூட. முதலாளி கொடுத்த அறையில் படுத்துக்கொண்டே அவருக்கு எதிராகக் குத்துகிறோமே என்று உறுத்தியதா என்றால், இல்லை. வேலைக்குக் கூலி வாங்குகிறான். ஓட்டை அவர் விலைக்கு வாங்கவில்லையே.

எண்பத்தொன்றில், ஓணம் கழிந்து ஒரு வாரம் இருக்கும். வேலை நடக்கிற இடத்துக்கு முதலாளி சைக்கிளில் வந்து இறங்கினார்.

"எடே உச்சி, இனி ஓட்டுப் போட பேப்பரு கெடையாதாம், கேட்டியா? மிஷினு வருதாம்."

"என்ன மிஷினு? மாவு அரைக்கதா, துணி தைக்கதா?"

"பட்டனு அமுக்குக மிஷினுடே. கரண்டும் வேண்டாமாம், பேட்டரியில ஓடுமாம். நாளைக்கு ஆபீசில ஒத்திகை. தட்டி ஒண்ணு எடுத்துக்கிட்டு வா. நம்ம ஆளுவ இருபது பேரையும் லாரியில ஏத்து."

தேர்தல் வேலை பார்க்கும் அந்த ஆபீசில் நடந்த ஏற்பாடு இதுதான். புது மிஷினை முதலில் நாலைந்து சாவடிகளில் மட்டும் வைத்துப் பார்க்க யோசனை. அதற்கு முன்னால் இரண்டு ஒத்திகை. முதலாவது, எழுதப் படிக்கத் தெரியாதவர்களை வைத்து. இரண்டாவது, பெரிய ஆபீசர் முன்னிலையில். அது முடிந்ததும் மேசை எங்கே, மிஷின் எப்படி, தட்டி என்ன அளவு, ஏஜெண்டு பெஞ்சு எவ்வளவு தூரம் என்று எல்லாம் எழுதி, ஆபீசர் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பிவிடுவார். எழுதிப் போனதை அதற்குப் பிறகு பிரம்மா வந்தாலும் திருத்த முடியாது. சோதனைக்கு எடுத்திருந்த சாவடிகளில் கரமனைப் பள்ளிக்கூடமும் ஒன்று. முதலாளியின் ஆட்கள் ஓட்டுப் போடுகிற சாவடி.

ஆபீசில் இதற்கெல்லாம் பொறுப்பு ஹெட்கிளார்க் சுசீலாபாய். பாறசாலைக்காரர். வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம், ஃபைலில் இங்கிலீஷ் என்று மூன்றையும் கலக்காமல் வைத்திருப்பார்.

"அண்ணாச்சி, தட்டிய அந்த மேசையில வையுங்க. மிஷினுக்க வயரு மடங்கப்படாது, பாத்து" என்றார்.

மிஷின் இரண்டு துண்டு. ஒரு பெட்டி சாவடி அதிகாரியின் மேசையில். அதிலிருந்து வயர் ஓடி, தட்டிக்குள் இருக்கிற பலகைக்குப் போகிறது. பலகையில் மேலிருந்து கீழாக எட்டுப் படம்: குடம், சீப்பு, பூட்டு, முறம், விசிறி, கத்தரிக்கோல், ஏணி, மணி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பட்டன். அமுக்கினால் சிவப்பு லைட் எரிந்து, 'பீ' என்று நீளமாகச் சத்தம் வரும். படம் எல்லாருக்கும் நன்றாகத் தெரியட்டும் என்று, வெளியூரிலிருந்து வந்திருந்த எஞ்சினியர் பலகையை ஒரு மரத்தாங்கியில் சாய்த்து நிறுத்தியிருந்தார், மாதா கோயிலில் வேதப்புத்தகம் வைத்து வாசிக்கிற தாங்கி மாதிரி. குடம் தாடைக்கு நேரே இருந்தது. மணி இடுப்புக்கு நேரே இருந்தது.

முதலாளி ஏஜெண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். "ஏஜெண்டு இல்லாம ஓட்டு உண்டுமா? நான் இருக்கேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

முதலில் சித்தாள் உலகம்மாள் போனாள். ஐந்து நிமிஷம் ஆகியும் சத்தம் வரவில்லை.

"எம்மா, கொடத்தப் போட்டு அமுக்குதேன், அமுக்குதேன், ஒண்ணும் ஆகலியே?"

"கொடத்தை இல்லக்கா. பக்கத்தில உள்ள பட்டனை" என்றார் சுசீலாபாய்.

பீ என்றது. உலகம்மாள் குதித்துப் பின்னால் வந்தாள். "எம்மாடி! என்னையப் பாத்துத் திட்டுகது!"

"கொடம்னு ஊருக்கே சொல்லிட்டு வாறியே, பெறவு என்னத்துக்கு தட்டி?" என்று ஒருவன் கேலி செய்தான்.

அடுத்தடுத்துப் போனார்கள். நாலாவது ஆள் வெளியே வந்தபோது முதலாளி பெஞ்சிலிருந்து கேட்டார், "எடே, நீ மணிதானே?"

"ஆமா முதலாளி! எப்பிடித் தெரியும்?"

"எனக்கு எல்லாம் தெரியும்டே." அடுத்தவன் வந்தான். "நீ சீப்பு."

"சீப்புதான்!"

ஒரே சிரிப்பு. கிளி ஜோசியம் பார்க்கிற இடம் மாதிரி ஆகிவிட்டது. எஞ்சினியர் பெட்டியில் ஓடுகிற எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுசீலாபாய் தலையைக் குனிந்து ரிஜிஸ்தரில் பேர் எழுதிக்கொண்டிருந்தார். சுவரோரம் நின்றிருந்த உச்சிமாகாளியும், முதலாளி கண்டுபிடித்த முதல் மூன்று பேருக்குச் சிரித்தான். நாலாவதுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவன் தட்டியையே பார்த்தான். உள்ளே போனவனுடைய உள்ளங்கை தெரியவில்லை. பட்டன் தெரியவில்லை. ஆனால் ஆள் நிற்பது மேசைக்கு வெளியே. முழங்கை தட்டிக்கு வெளியே. குடத்துக்குப் போனால் முழங்கை விலாவுக்கு மேலே ஏறுகிறது. மணிக்குப் போனால் இடுப்பு வளைகிறது. பேப்பரில் குத்துகிற காலத்தில் எல்லாரும் ஒரே மாதிரி குனிந்து, ஒரே மாதிரி குத்தி, ஒரே மாதிரி மடித்துக்கொண்டு வருவார்கள். பேப்பர் மேசையில் படுத்துக் கிடந்தது. மிஷின் எழுந்து நிற்கிறது. பேட்டரி எத்தனை மணி நேரம் ஓடும், அரக்கு முத்திரை எங்கே வைப்பது என்று அத்தனையும் யோசித்தவர்கள், ஓட்டுப் போடுகிறவனுக்கு முழங்கை ஒன்று உண்டு என்பதை மட்டும் மறந்துபோனார்கள்.

எட்டாவது ஆளுக்குப் பிறகு முதலாளி சத்தமாகச் சொல்வதை நிறுத்திவிட்டார். ஆனால் கண்ணை எடுக்கவில்லை. ஒவ்வொருவன் அமுக்கும்போதும் அவர் உதடு மட்டும் அசைந்தது.

வெளியே வந்ததும் முதலாளி அவன் தோளில் கை போட்டார். அப்படிப் போடுகிறவர் இல்லை அவர்.

"நல்ல மிஷினுடே. சர்க்காரு இப்பத்தான் உருப்படியா ஒரு காரியம் பண்ணியிருக்கு."

உச்சிமாகாளி தட்டியை லாரி மேல் சாய்த்து வைத்தான்.

"தட்டி இந்த அளவு போதும், கேட்டியா? ஒரு விரலு கூட்டப்படாது. ஆபீசில கேட்டா, இருபது வருஷமா இதுதான் அளவுன்னு சொல்லணும்."

அன்று சாயங்காலம் பேச்சி ஆற்றுக் கல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவன் படியில் வந்து உட்கார்ந்தான்.

"என்ன வே, மொகம் வெளக்குமாத்தால அடிச்ச மாதிரி இருக்கு?"

நடந்ததைச் சொன்னான். முழங்கையைத் தூக்கியும் தாழ்த்தியும் காட்டினான். அவள் துணியைப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

"அவரு பாத்தா பாத்துட்டுப் போறாரு. உமக்கு எதுக்கு வயித்தக் கலக்குது? நீரு முதலாளி சொன்னதுக்குத்தானே குத்துகீரு?"

அவன் ஆற்றைப் பார்த்தான். பேச்சி பிழிவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள்.

"ஓகோ" என்றாள். "எத்தன நாளா?"

"லிங்கம் விழுந்ததில இருந்து."

"பன்னெண்டு வருசமா எங்கிட்ட சொல்லாம இருந்திருக்கீரு. பலே ஆளுதான்."

"நீ எதுக்குக் குத்துக?"

"தட்டிக்கு உள்ள நடந்ததைப் பொண்டாட்டிகிட்ட கேக்கப்படாது." துணியை மறுபடி கல்லில் அடித்தாள். "ஆனா ஒண்ணு சொல்லுதேன். முதலாளி எனக்க கையப் பாத்துக்கிட்டு இருந்தா எனக்கும் வயித்தக் கலக்கத்தான் செய்யும்."

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் பேச்சி சொன்னாள், "சொரிமுத்து சாமானு இந்தக் கல்லு மேலதான் கெடந்தது."

"ஓர்மை இருக்கு."

"இருந்தாச் சரி. யோசிச்சுச் செய்யும்."

அவன் யோசித்தது இதுதான். வாயைத் திறக்காமல் கையால் செய்துவிடலாம். இரண்டாவது ஒத்திகைக்குக் கொண்டுபோகிற தட்டியையே பெரிதாகக் கட்டிவிட்டால், ஆபீசர் அந்த அளவையே எழுதிவிடுவார். யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் ஸ்ரீவராகத்தில் ஒரு கல்யாணப் பந்தல் வேலை. மத்தியானச் சோற்று நேரத்தில் அங்கேயே ஒரு மூலையில் மூங்கிலைப் பிளந்து, ஆள் உயரத்துக்கு, பக்கம் நாலடிக்கு ஒரு தட்டி கட்ட ஆரம்பித்தான். பாதி ஆகியிருக்கும். பின்னால் சைக்கிள் மணி கேட்டது.

"இது யாரு வீட்டுக் கதவு?" என்றார் முதலாளி.

"பாயி கொஞ்சம் மிச்சம் கெடந்தது. அதான்..."

"அவுரு."

அவிழ்த்தான். கட்டுவதைவிட அவிழ்ப்பதற்கு நேரம் அதிகம் ஆயிற்று, அவன் முடிச்சு அப்படி. முடியும்வரை முதலாளி சைக்கிளைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

இரண்டாவது ஒத்திகைக்குப் பழைய தட்டிதான் போனது. பெரிய ஆபீசர் வந்திருந்தார். கொல்லம் பக்கத்துக்காரர், மலையாளம்தான் பேசுவார். எஞ்சினியர் பேட்டரி நன்றாக ஓடியது, எண்ணிக்கை சரியாக வந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சுசீலாபாய் எழுதி வைத்திருந்த ஏற்பாட்டை வாசித்தார். தட்டி உயரம் இரண்டரை அடி, பக்கம் இரண்டு அடி, ஏஜெண்டு பெஞ்சு மூன்று கஜம் தள்ளி.

"வேறே எந்தெங்கிலும் பிரஸ்னம் உண்டோ?" என்று ஆபீசர் கேட்டார்.

"ஒரு பிரஸ்னமும் இல்ல சாரே" என்றார் முதலாளி. "ஜனங்களுக்கு நல்ல சந்தோஷம்."

ஆபீசர் பேனாவைத் திறந்தார். உச்சிமாகாளி அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆற்றங்கரைக் கல்லும் சொரிமுத்துவின் சட்டியும் மனசில் வந்தன. லிங்கத்தைத் தூக்கிய பீடிக்காரனின் தோளும் வந்தது. செருமினான்.

"சாரே, ஒண்ணு உண்டு."

எல்லாரும் திரும்பினார்கள். முதலாளி சட்டென்று, "எடே உச்சி, சாருக்கு சாயா வாங்கிட்டு வா" என்றார்.

"சாயா பெறவு வாங்கலாம் முதலாளி. சாரே, நீங்க ஒரு தடவ உள்ள போயி எதையாவது அமுக்குங்க. எதை அமுக்கினீங்கன்னு நான் இந்தப் பெஞ்சில இருந்து சொல்லுகேன்."

சுசீலாபாய் அதை மலையாளத்தில் சொன்னார். ஆபீசருக்குச் சிரிப்பு வந்தது. சரி என்று எழுந்து போனார். பீ என்றது.

"பூட்டு" என்றான் உச்சிமாகாளி.

மறுபடி பீ.

"ஏணி."

மூன்றாவது தடவை ஆபீசர் தந்திரம் செய்தார். கையை மேலே கொண்டுபோய், சட்டென்று இறக்கி அமுக்கினார்.

"மொதல்ல கொடத்துக்குப் போனீங்க சாரே. பெறவு எறங்கி முறத்தில அமுக்கினீங்க."

சாரம் கட்டுகிறவன் கண்ணுக்கு அரை விரல் தப்பாது. ஆபீசர் வெளியே வந்தார். "இயாள் மந்திரவாதியாணோ?" என்றார்.

"மந்திரம் ஒண்ணும் இல்ல சாரே. முழங்கை."

முதலாளியைப் பார்க்காமல், எந்தப் பட்டனுக்கு முழங்கை எப்படி ஏறி இறங்குகிறது என்று அவன் சொன்னான். ஆபீசர் தானே பெஞ்சில் உட்கார்ந்து, சுசீலாபாயை உள்ளே அனுப்பிப் பார்த்தார். விசிறி என்றார், விசிறிதான். மணி என்றார், மணிதான். எஞ்சினியர் முகம் தொங்கிப்போயிற்று. சுசீலாபாய் நெற்றியில் அடித்துக்கொண்டார். "நான் ரிஜிஸ்தருக்குள்ளயே தலைய விட்டுக்கிட்டு இருந்திருக்கேன் பாருங்க!"

ஆபீசர் அவனை உற்றுப் பார்த்தார். "இது ஆரும் ஓர்த்தில்லல்லோ. நினக்கு எங்ஙனே மனசிலாயி?"

யாருக்கும் தோன்றாதது அவனுக்கு எப்படிப் புரிந்தது என்று கேட்கிறார். முதலாளி பெஞ்சு ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். முதல் ஒத்திகையில் அவர் ஒவ்வொருவனையும் கண்டுபிடித்ததைச் சொல்லியிருந்தால், அந்தச் சாவடியில் ஏஜெண்டாக உட்காருவது அன்றோடு முடிந்திருக்கும். உச்சிமாகாளி சொல்லவில்லை.

"தட்டி கட்டுகவன் சாரே. எது மறையும், எது மறையாதுன்னு பாக்கது எனக்கு ஜோலி."

மிஷினைத் தாங்கியிலிருந்து எடுத்து மேசையில் படுக்க வைத்தார்கள். தட்டி தரையிலிருந்து ஐந்தரை அடி உயரம், பக்கம் நாலு அடி, ஓட்டுப் போடுகிறவன் முதுகு வரைக்கும் மறைய வேண்டும் என்று ஆபீசர் சொல்ல, சுசீலாபாய் பழையதை அடித்துப் புதியதை எழுதினார். ஆபீசர் கையெழுத்துப் போட்டார். மிஷினைப் பெட்டியில் வைத்துக்கொண்டு எஞ்சினியர் ரயிலேறிப் போனார். ஃபைல் மேலே போயிற்று. பிறகு அது எந்த அலமாரியில் தூங்கியதோ, கரமனையில் யாருக்கும் தெரியாது.

உச்சிமாகாளிக்கு ஃபைலைப் பற்றிக் கவலைப்பட நேரம் கிடைக்கவில்லை. லாரியில் திரும்பி வந்து இறங்கியதும் முதலாளி அவனைத் தனியாகக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. அதுதான் கெட்ட அறிகுறி.

"யாருக்கிட்டடே ஒளிக்கே?"

"யாருக்கிட்டயும் இல்ல முதலாளி."

"ஒளிக்க ஒண்ணும் இல்லாதவன் எதுக்கு தட்டியப் பெருசாக்குகான்? நீ இருபத்திமூணு வருசம் எனக்க சோத்தத் தின்னவன். வெள்ளிக்கெழம காலம்பற மாடன் முன்னால வா. நீ மட்டும் இல்ல, பதினோரு ரூமும் வரணும். இன்னிய வரைக்கும் முதலாளி சொன்ன சின்னத்துக்குத்தான் குத்தினேன்னு சூடம் அடிச்சு சத்தியம் பண்ணணும். பண்ணாதவன் சாமானைக் கெட்டிக்கிடலாம்."

அறைகளின் கோடியில், ஆற்றைப் பார்த்து, புன்னைமரத்தடியில் சுடலைமாடன் பீடம் இருந்தது. முதலாளி சொந்த ஊரிலிருந்து பிடிமண் கொண்டுவந்து வைத்த மாடன். அந்த வரிசையில் உள்ளவர்கள் போலீசிடம் பொய் சொல்வார்கள், தாசில்தாரிடம் சொல்வார்கள், ரேஷன் கடைக்காரரிடம் தினமும் சொல்வார்கள். மாடன் முன்னால் சொல்ல மாட்டார்கள். அவன் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவனுக்கு மூன்று மாசத்தில் கண் போகும் என்பது அவர்களுக்கு நாளைக்குக் காலையில் சூரியன் வரும் என்பது மாதிரி.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கே முதலாளி குளித்து, விபூதி பூசி, தட்டில் சூடத்தோடு நின்றார். உச்சிமாகாளியும் பேச்சியும் முதலில் வந்தார்கள்.

"அடி சூடத்தை" என்றார் முதலாளி.

"நான் அடிக்கல முதலாளி."

"அப்ப மத்தவனுக்குக் குத்தினேன்னு ஒத்துக்கிடுகியா?"

"அதையும் ஒத்துக்கிடல. தட்டிக்கு உள்ள உள்ளது உள்ளயே இருக்கட்டும். மாடனானாலும் கேக்கப்படாது."

"சாமானு?"

"கெட்டி வச்சாச்சு."

கட்டித்தான் வைத்திருந்தார்கள். வாசலில் ஒரு சாக்கு, ஒரு தகரப்பெட்டி, கவிழ்த்த குடம். முதலாளி அதைப் பார்த்துவிட்டு அடுத்த அறையைப் பார்த்து, "உலகம்மா!" என்று கூப்பிட்டார்.

உலகம்மாள் வாசலை விட்டு இறங்கவில்லை. "எனக்குத் தீட்டு முதலாளி. மாடன் பக்கம் வரப்படாது."

"ஒனக்கு அம்பத்தஞ்சு வயசு!"

"பேத்தி வயசுக்கு வந்திருக்கா. அந்தத் தீட்டு."

மூன்றாவது அறைக்காரன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தான். வள்ளியூரில் மாமனார் செத்துவிட்டார், இப்பத்தான் ஆள் வந்து சொன்னது என்றான்.

"ஒம் மாமனாரு போன வருசம் செத்தாரே. நான்தானே லீவு குடுத்தேன்?"

"அது சின்ன மாமனாரு. இது பெரியவரு."

நாலாவது அறைக்காரன் வந்தான், சூடம் அடித்தான், சத்தியம் செய்தான், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனான். ஐந்தாவது அறையில் பூட்டுத் தொங்கியது. புருஷனும் பெண்டாட்டியும் விடியுமுன்னே வேலைக்குக் கிளம்பிவிட்டார்களாம், இதுவரை ஆறு மணிக்கு முன் எழுந்திராதவர்கள். ஆறாவது அறைக்காரனுக்குப் பல்வலி, சூடப் புகை ஆகாது. ஏழாவது அறைக்காரிக்குப் பத்து மாசம், கர்ப்பிணி சத்தியம் செய்யக்கூடாதே. அவள் புருஷனுக்கு என்ன என்று கேட்டார் முதலாளி. பெண்டாட்டி செய்யாததைப் புருஷனும் செய்யக்கூடாதாம், அவர்கள் ஊர் வழக்கமாம்.

பதினோரு அறையும் முடிந்தபோது சத்தியம் செய்தவர்கள் மூன்று அறைக்காரர்கள். தட்டில் சூடம் தானாக எரிந்து, கறுத்து, அணைந்தது. முதலாளி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மற்றவர்கள் எந்தச் சின்னத்துக்குக் குத்தினார்கள் என்று இப்போதும் அவருக்குத் தெரியாது. தீட்டும் பல்வலியும் ஒருவேளை நிஜமாகவே இருக்கலாம். எட்டு அறையையும் காலி செய்ய வைத்தால் திங்கட்கிழமை உற்சவப் பந்தலுக்கு யார் கால் நடுவது? ஒருவனை மட்டும் அனுப்பலாம் என்றால், அவனைப் போலவே சத்தியம் செய்யாத ஏழு அறை பார்த்துக்கொண்டிருக்கிறது. மாடனுக்கு முன்னால் ஓரவஞ்சனை செய்ய அவருக்கும் பயம்தான். அவர் கொண்டுவந்த மாடன் அல்லவா.

பேச்சிக்குப் பொறுக்கவில்லை. "முதலாளி, சாமானை அவுக்கவா, வேண்டாமா? எனக்கு அடுப்புப் பத்த வைக்கணும்."

முதலாளி தட்டைப் பீடத்தில் வைத்தார். சைக்கிளை எடுத்தார். "ஏழு மணிக்கு லாரி வரும்" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

பேச்சி சாக்கை அவிழ்த்து அரிசிப் பானையை வெளியே எடுத்தாள். உச்சிமாகாளி கஞ்சியைக் குடித்துவிட்டு, ஏழு மணிக்கு மற்றவர்களோடு லாரியில் ஏறினான். லாரியில் யாரும் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. பல்வலிக்காரன் மட்டும் வழி முழுக்க வேர்க்கடலை தின்றுகொண்டு வந்தான்.

எட்டு நாள் முதலாளி உச்சிமாகாளியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சொல்ல வேண்டியதை வேறு ஆளிடம் சொல்லி அனுப்பினார். ஒன்பதாம் நாள், அவரே பந்தல் உச்சியில் ஏறி ஒரு முடிச்சு போடும்போது பக்கத்தில் வேறு யாரும் இல்லை. கீழே நின்ற உச்சிமாகாளியைப் பார்த்து, "எடே, அந்தக் கயிறை இங்க எறி" என்றார்.

உச்சிமாகாளி எறிந்தான்.